குதிரைக்காரன் படம் போட்ட இசைத்தட்டு

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று ஒரு பொய் சொன்னேன். நான் வேலை செய்யும் பழைய பொருள் கடைக்கு, நகரின் மல்வேர்ன் பகுதியில் இருந்து ஒரு தமிழ் அன்ரி வந்தார். கணவர் இறந்த கையோடு அவருடைய இசைத்தட்டுகளைப் பெட்டியோடு எங்கள் கடைக்குக் கொடுத்தவராம். எல்லாம் பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டுகள்.

“தம்பி, அதில ஒண்டு மட்டும் திருப்பி வேணும். மட்டையில கௌபாய் ஒருத்தன் குதிரையில, பின்னால கிறிஸ்மஸ் மரம். டிசம்பர் முழுக்க மனுசன் அதைத்தான் போடுவார். நிப்பாட்டுங்கோ எண்டு நான் சண்டை பிடிப்பன்.”

அந்தப் பெட்டியைப் பிரித்தவன் நான்தான். அந்தத் தட்டை மட்டும் விற்பனைக்கு வைக்காமல், ஆசையில் என் பைக்குள் வைத்தவனும் நான்தான்.

“அது வித்துப் போச்சு, அன்ரி.”

“ஓம், என்ர பிழைதான். நான்தானே குடுத்தனான்,” என்றார். தேடிப் பார்த்ததற்கு எனக்கு நன்றியும் சொன்னார். நான் தேடவேயில்லை. பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“நாளைக்கே கொண்டுபோய்க் குடுங்கோ,” என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தட்டை உறையிலிருந்து முதல்முறையாக வெளியே எடுத்தேன். உறையின் உட்பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: ‘நாலாவது பாட்டுக்குக் கமலா சத்தம் போடுவதில்லை. கதவடியில் நின்று கேட்கிறாள்.’

அன்ரி இதைக் கண்டிருக்கவே மாட்டார்.

காலையில் மல்வேர்னுக்குப் போய்க் கமலா அன்ரி என்று விசாரிக்க வேண்டும். அங்கே எத்தனை கமலா அன்ரிமார் இருக்கிறார்களோ தெரியாது.