சைக்கிள் எனக்கு, பம்பு உனக்கு

அக்டோபர் 7, செவ்வாய்

வின்சி அக்கா, இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இரவு மணி பதினொன்றரை. அமலி இப்போதுதான் உறங்கினாள். பகலில் உட்கார்ந்து எழுத நேரமே வாய்ப்பதில்லை. இதை உனக்கு அனுப்பப் போவதும் இல்லை. கல்லூரியில் மிச்சமான ரெக்கார்டு நோட்டு இது. ஒருவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி எழுதினால்தான் எனக்கு எழுத வரும், அதனால் உன் பெயர்.

இன்று நானும் பிரபுவும் அமலியைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனோம். ஊசி போட்டு முடித்துவிட்டு டாக்டர் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா? வேணுங்கிறதை விரல் நீட்டிக் காட்டுறாளா?"

"காட்டுவா டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

பொய். ஒரு வயது பத்து மாதம் ஆகிறது. ஒருநாளும் காட்டியதில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை.

வண்டியில் வரும்போது பிரபு மெதுவாகக் கேட்டார். "எப்பக் காட்டுனா, பூரணி?" நான் அமலியின் தொப்பியை இழுத்துவிட்டேன். அவரும் பிறகு கேட்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 8

நீ போன் செய்தாய். எடுக்கவில்லை. எடுத்தால் வீடியோ போடச் சொல்வாய்.

அக்டோபர் 11, சனி

இன்று எடுத்தேன். அமலி உறங்கும்போது எடுத்தால்தான் எனக்குத் தைரியம். போனைத் திருப்பி அவள் உறங்குவதைக் காட்டினேன்.

"எப்ப போன் போட்டாலும் உம்மக தூங்குறா. காரைக்குடியில உறக்கத்துக்குப் பரிசு எதுவும் குடுக்குறாகளா?" என்றாய். இருவரும் சிரித்தோம்.

நீ பதினோரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். அவள் விழித்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாய். நீ சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அதுதான் பயம்.

அக்டோபர் 16

காலையில் பேப்பருக்குள் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. தீபாவளித் தள்ளுபடி. ஒரே ஒரு தாள், மெல்லிசு, ஒரு பக்கம் முழுக்க அந்தக் கட்டம் போட்ட கருப்புச் சதுரம். போனில் படம் பிடித்தால் எல்லாச் சாமானும் போனுக்குள் வருமாம்.

எனக்கு அப்பாவின் கேட்லாக் ஞாபகம் வந்துவிட்டது. சிங்கம்புணரியில் பேப்பர் ஏஜென்டாக இருந்தபோது, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மதுரைக் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வருமே. ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் ஒன்று செருக வேண்டும். நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து செருகுவோம். கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும், அதுதான் நம் கூலி. முப்பத்திரண்டு பக்கம். வழவழ தாள். மூக்கை வைத்தால் மண்ணெண்ணெயும் புதுத்துணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. முகத்தை எடுத்தால் மூக்கு நுனியில் மை இருக்கிறதா என்று நீ பார்ப்பாய்.

பக்கத்தைத் திருப்பியதும் எந்தச் சாமான் படத்தின் மேல் யார் முதலில் உள்ளங்கையை வைக்கிறார்களோ அது அவர்களுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒருவருக்கு ஒன்றுதான். வைத்த கையை எடுக்கக் கூடாது. பிறகு பேனாவால் அவரவர் முதலெழுத்துப் போட வேண்டும். பூ. வி.

அதில் இருந்த எதுவும் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. வர வேண்டும் என்று அழுததாகவும் ஞாபகம் இல்லை. கை வைத்ததோடு ஆசை தீர்ந்துவிட்டதோ?

அந்தக் கேட்லாக் எல்லாம் எங்கே போயிருக்கும்?

அக்டோபர் 20, தீபாவளி

பக்கத்து வீட்டு நாச்சியம்மை ஆச்சி பலகாரம் கொண்டுவந்தார்கள். தெருவில் சரவெடி. எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. அமலி வாசற்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றாள்.

"பயமே இல்ல பாத்தியா, தைரியசாலி" என்றார்கள் ஆச்சி.

அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை, அக்கா.

அக்டோபர் 27

நாள் முழுக்கத் தேடினேன், போனில். குழந்தை பேசாததற்குக் காரணங்கள். ஒவ்வொன்றும் இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது. பிரபு வந்து போனைக் கையிலிருந்து வாங்கி அரிசி டின் மேல் வைத்தார்.

"டாக்டர்கிட்டப் போயி உள்ளதைச் சொல்லுவோம். திட்டுனா என்னையும் சேத்துத் திட்டட்டும். நானும்தான வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

போவோம் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். சிங்கம்புணரி போய் அம்மா கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். உன் சார்பிலும் ஒன்று ஏற்றினேன்.

அப்பா தனியாகச் சமைத்திருந்தார். நாட்டுக்கோழி, உப்புக் கொஞ்சம் கூட. பருப்பு டப்பாவை எடுக்கச் சொன்னார். எடுத்தால், அக்கா, அலமாரித் தட்டில் விரித்திருப்பது நம் கேட்லாக். மூன்று தட்டிலும்.

"இன்னுமா வச்சிருக்கீக?" என்றேன்.

"பேப்பர் போட்டா எண்ணெய் உறிஞ்சும்த்தா. இது அப்படியில்ல, ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். உங்காத்தா விரிச்சது. நான் எதுக்கு மாத்தணும்?"

டப்பாக்களை எல்லாம் இறக்கி ஒவ்வொரு தாளாக உரித்தேன். டப்பா இருந்த இடம் மட்டும் வட்ட வட்டமாக நிறம் மங்காமல் இருந்தது. நம் எழுத்துகளும் இருந்தன.

சைக்கிள் பக்கம். சிவப்பு சைக்கிளில் 'பூ'. 'வி' எங்கே என்று தேடினேன். மூலையில் சின்னதாக ஒரு காற்றடிக்கும் பம்பு, அதில் இருந்தது.

ஃப்ரிட்ஜ் பக்கம். ஃப்ரிட்ஜில் 'பூ'. அதன் கதவில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் 'வி'.

பொம்மைப் பக்கம். கண் மூடித் திறக்கும் பொம்மை எனக்கு. உனக்குப் பொம்மையின் பெட்டி.

இத்தனை வருடமும் உனக்குக் கை மெதுவு, நான்தான் வேகம் என்று நினைத்திருந்தேன். முப்பத்திரண்டு பக்கத்திலும் ஒருவருக்குக் கை மெதுவாக இருக்குமா? நீ காத்திருந்திருக்கிறாய். நான் வைக்கும் வரைக்கும்.

"நீ சைக்கிளை வச்சுக்கடி. காத்து அடிக்க எங்கிட்டத்தான வரணும்" என்று சொல்வாய். அது இன்றுதான் ஞாபகம் வந்தது.

தாள்களைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம். "அலமாரி அம்மணமாக் கெடக்கு பாரு." காலண்டர் தாள் விரித்துக் கொடுத்தேன்.

நவம்பர் 3

கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தாள்களைப் பரப்பினேன். அமலி மேலே நடந்து போனாள். மிக்ஸியை நக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நவம்பர் 5

"இது என்ன, குக்கர். இது என்ன, வாளி. இது என்ன, விசிறி." நான் கேட்டு நானே பதில் சொல்கிறேன். நடுவில் மூச்சுகூட விடுவதில்லை.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. நாள் முழுக்க நான் இப்படித்தானே. அவள் அழும் முன்பே பால். திரும்பும் முன்பே தண்ணீர். எதற்கு அவள் கையை நீட்ட வேண்டும்? எல்லாப் பக்கத்திலும் நானே முந்திக் கை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இது மட்டும்தான் காரணம் என்று நினைக்கவில்லை. வெடிச் சத்தத்துக்குக்கூட அவள் திரும்பவில்லையே.

நவம்பர் 6

கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா. நீ எப்படி முப்பத்திரண்டு பக்கம் இருந்தாய்?

ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 7

ஒன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து பிளாஸ்டிக் சாமான் பக்கத்தை விரித்தேன். அமலி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் பேசவில்லை. பிரபு வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். அடுப்பில் உலை கொதித்து வழிகிற சத்தம். யாரும் அணைக்கப் போகவில்லை.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளங்கையை முழுசாக விரித்து நீல வாளியின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

விரல் இல்லை. உள்ளங்கை. யார் சொல்லிக் கொடுத்தது, அக்கா? நான் சொல்லவே இல்லை.

"உனக்கு" என்றேன். பிரபு குளியலறைக்குப் போய் நிஜ வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதித் தண்ணீரோடு. கூடமெல்லாம் ஈரம்.

வாளிப் படத்தில் 'அ' என்று எழுதி வைத்தேன். சோறு குழைந்துபோனது. அதையே தின்றோம்.

நவம்பர் 11, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். போன தடவை பொய் சொன்னேன் என்றேன். அவர் சீட்டை எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நிறையப் பேர் சொல்றதுதான்மா. இன்னைக்கு வந்தீங்கல்ல."

வெடிச் சத்தத்தைச் சொன்னேன், வாளியைச் சொன்னேன். வாளிக்கு அவர் சிரித்தார். கை வைத்ததைவிட நிமிர்ந்து பார்த்ததுதான் பெரிய விஷயம் என்றார். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மதுரையில் 19ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி.

பயம் போகவில்லை. ஆனால் முன்பு இருந்த பயம் இது இல்லை. அது என்னை ஒளியச் சொன்னது. இது பஸ் நேரம் கேட்கச் சொல்கிறது.

நவம்பர் 13, வியாழன்

அக்கா, மேலே இருப்பதை எல்லாம் நோட்டிலிருந்து கிழித்து உனக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். போனில் என்னால் முழுசாகச் சொல்ல முடியாது. படித்துவிட்டுத் திட்டு. ஒரு மாதமாக உறங்கும் பிள்ளையையே காட்டியதற்கு எவ்வளவு திட்டினாலும் தகும்.

சைக்கிள் பக்கத்தையும் கூட வைத்திருக்கிறேன். சைக்கிளில் இருந்த 'பூ'வை அடித்துவிட்டு 'வி' போட்டிருக்கிறேன். பம்பு இனி என்னிடம் இருக்கட்டும்.

அமலி இன்று மத்தியானம் விழித்திருந்தாள். நாளைக்கும் இருப்பாள். எப்போது வேண்டுமானாலும் வீடியோ போடு.

19ஆம் தேதி உன்னால் மதுரைக்கு வர முடியுமா? லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சீக்கிரம் பதில் போடு.