படத்தில் இருந்த பின்கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஒன்றிலாவது குறை வராமல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனா பழக்கத்தில் ஓடுகிறது, பிடித்து நிறுத்திவிட்டேன். தம்பிக்குக் கையில் லேசான காயம் என்று போனில் சொன்னது பொய். நீ அங்கே தனியாக இருந்து பதறுவாயே என்று நானும் அம்மாவும் சேர்ந்து சொன்ன பொய். இரண்டு கையும் வெந்திருக்கிறது, புகை நெஞ்சுக்குள் இறங்கி நாலு நாள் குழாய் வைத்துத்தான் மூச்சு விட்டான். நேற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி புகைக்குள் போகிற வேலை ஆகாது என்கிறார் டாக்டர். அதை அவனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. போன் பண்ணலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், நான் சொல்லப்போவது அவளுக்கும் தெரியாது.

கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் பின்வாசலைத் தேடுகிற மனுஷன் என்று நீ எத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கிறாய். தீப்பிடித்த பிறகு யோசிக்கிறவன் தீயணைப்புக்காரனே இல்லை என்று உன் தம்பி வேலையில் சேர்ந்த அன்றைக்கு வாய் கிழியப் பேசியவன்தான் நான். எங்கள் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் கதவு, படி, தண்ணீர் எடுக்கிற இடம் எல்லாம் குறித்து ஒரு படம் போட்டு வண்டியில் வைத்திருப்போம், வருடத்துக்கு ஒரு முறை கட்டடத்தை நடந்து பார்த்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். மெத்தைக் கிடங்கின் படம் மூன்று வருடத்துக்கு முன்னால் நானே நாடா பிடித்து அளந்து போட்டது. இந்த வருடம் போக வேண்டிய நாளில் மேலதிகாரி ஆய்வுக்கு வந்துவிட்டார், சரி என்று கிடங்கு மேலாளருக்குப் போன் பண்ணினேன். எதுவும் மாறல சார், எல்லாம் அப்படியேதான் இருக்கு என்றார். கிடங்குப் பக்கமே போகாமல், நேரில் பார்த்தேன், மாற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை பாப்பா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கே தீ. மெத்தைப் பஞ்சு எரிந்தால் வரும் புகையில் தன் கை தனக்குத் தெரியாது. கிடங்கு ஆட்கள் கணக்கில் ஒருவன் குறைகிறான் என்றார்கள், தம்பியையும் அவன் கூட்டாளியையும் உள்ளே அனுப்பினேன். குறைந்தவன் டீ குடிக்கப் போயிருந்தானாம், பிறகுதான் தெரிந்தது. அவன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இவர்கள் உள்ளே போன வழியில் மெத்தை அடுக்கு சரிந்து தீ மறித்துக்கொண்டது. நான் வண்டி முன்னால் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இடது சுவரைப் பிடித்துக்கொண்டே போங்கள், பன்னிரண்டு அடியில் பின்கதவு என்று வயர்லெஸ்ஸில் சொன்னேன். கதவக் காணோம் சார், சுவர்தான் கைக்கு வருது என்றான் தம்பி. வேலை நேரத்தில் அவனுக்கு நான் சார்தான். இருக்குடா, நல்லாத் தேடு என்றேன். அதையே இரண்டாவது முறையும் சொன்னேன். பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்த டிரைவர்தான், சார், இங்க கதவே இல்ல, செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க என்று கத்தினார்.

சுவரை உடைக்க ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஒன்பது நிமிஷமும் நான் வண்டியை விட்டு அசையவில்லை. இன்னொரு பக்கம் மாடியில் ஆறு பேர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், யாருடைய காற்று சிலிண்டரில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்கிற மூச்சுக் கணக்கும் என் கையில். கட்டளை கொடுக்கிறவன் உள்ளே ஓடினால் மற்றவர்களுக்கு நாதி இல்லை, இது நானே பாடம் எடுத்த சட்டம். சட்டம் சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பெற்ற பிள்ளை சுவரைத் தட்டுகிற சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டாளி நடந்தே வெளியே வந்தான். தம்பியை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என் வினை என்னை விட்டுவிட்டு அவனைச் சுட்டது.

அம்மா ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நீங்க வெளியிலயா நின்னுக்கிட்டிருந்தீங்க என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், சட்டையைத் தேய்த்து வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. நின்றதற்கே இப்படி. கையெழுத்து விஷயம் தெரிந்தால் என்ன செய்வாளோ தெரியவில்லை. விசாரணை புதன்கிழமை, அங்கே உள்ளதைச் சொல்லிவிடுவேன், வேலை போனால் போகட்டும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நேற்று நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். குழாயை எடுத்ததும் தம்பி என்னைக் கூப்பிட்டான். குரல் கரகரவென்று பாதிதான் வருகிறது. மன்னிச்சிருங்கப்பா, நீங்க சொன்ன இடத்துலதான் கதவு இருந்திருக்கும், நான்தான் பயத்துல சரியாத் தேடாம விட்டுட்டேன் என்றான். திரும்பி வேறு வழி பார்க்கலாம் என்று கூட்டாளி இழுத்தானாம். அப்பா போட்ட படம் தப்பா இருக்காதுடா என்று சொல்லி அவனையும் அங்கேயே நிறுத்திவைத்தானாம். சொல்லிவிட்டு அழுகிறான், இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருப்பதால் கண்ணை நான்தான் துடைத்தேன். அங்கே கதவே இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லடா, விடு என்று சொன்னேன் பாப்பா. மன்னிக்கிற மாதிரிச் சொன்னேன்.

எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள், குழந்தைக்கு என் முத்தம். லீவு போட்டுப் பதறிக்கொண்டு கிளம்பாதே, வருவதானால் அம்மாவுக்காக வா. ஒன்றை மட்டும் மறக்காதே, தம்பி போனில் கதவைப் பற்றிப் பேசினால் நீ எதுவும் சொல்லிவிடாதே. அதை நான்தான் சொல்ல வேண்டும். இன்றைக்குக் காலையிலும் போனேன், அவன் சிரித்தான், கஞ்சியை ஊட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா