நகத்தில் தட்டிய கோடு

மார்ச் 3, செவ்வாய்

வெள்ளைக் காரின் இடது முன் சக்கரத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தை ஓட்டினேன் – தட்டியது. முடி தட்டாது.

நர்ஸ் அக்காவின் கார் அது. ஓரக்கல்லில் உரசிவிட்டாராம். கதவில் நீளக் கீறல், ரிம் விளிம்பெல்லாம் சிராய்ப்பு. அதெல்லாம் அத்தையின் பட்டறைக்குத் தினப்படி வேலை. ஆனால் இந்தக் கோடு? சக்கரத்தைக் கழற்றி, ரிம்மைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமும் அதே இடத்தில் ஓடியது.

பெயிண்டர் அண்ணனிடம் போய், "அண்ணா, இதுல ஒரு..." என்றேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன? கொசுகூட உன்னவிடச் சத்தமாப் பேசும்!"

"ஒண்ணுமில்லண்ணா."

ஏன் அப்படிச் சொன்னேன்? வகுப்பிலும் இப்படித்தான். புரியாததை எல்லாம் 'ஒண்ணுமில்ல' என்றே சொல்லிச் சொல்லி, கடைசியில் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது.

மார்ச் 4, புதன்

அண்ணன் அந்த ரிம்மை என் முன்னால் வைத்து, "இதுக்கு நீயே புட்டி போடு" என்றார். இதுவரை உப்புத்தாள் தேய்க்க மட்டும்தான் விடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புட்டிப் பசையால் சிராய்ப்பை நிரப்பினேன். அந்தக் கோட்டின் மேலும் தடவினேன். தெரிந்தேதான் தடவினேன். விட்டுவைத்தால் ஏன் என்று கேட்பார், விளக்க வேண்டியிருக்கும்.

அண்ணன் விரலால் தடவிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார்.

மார்ச் 5, வியாழன்

வெள்ளிப் பெயிண்ட் காய்ந்துவிட்டது. கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நர்ஸ் அக்கா மகளோடு வந்தார். குட்டிப் பெண் சக்கரத்தின் முன் குந்தி, அதில் தன் முகம் தெரிகிறதா என்று நாக்கை நீட்டிப் பார்த்தாள்.

"யார் செஞ்சது? புதுசு மாதிரியே இருக்கே!"

அத்தை என்னை முன்னால் தள்ளினாள். "இவதான், என் அண்ணன் மக. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு மூடியே வெச்சிருப்பா. கைதான் பேசும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஞாயிறு காலை இருவரும் அக்காவுடைய அம்மா ஊருக்குக் கிளம்புகிறார்களாம். நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம். குட்டிப் பெண் கையசைத்துக்கொண்டே போனாள்.



மார்ச் 7, சனி

அண்ணனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "ரிம்ல விரிசல் இருந்தா புட்டி போடலாமாண்ணா?"

"கீறல்னா போடலாம். விரிசல்னா அந்த ரிம்மத் தூக்கிப் போட்டுடணும். வேகத்துல ஒரு பள்ளத்துல இறங்கினா பிளந்துக்கும். ஏன், எந்த வண்டில?"

"ஒண்ணு—" பாதியில் நிறுத்தினேன். அதற்குள் அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மூடியது விரிசல். நான். வேற யாருமில்ல. சொன்னா இனிமே புட்டித் தகட்டைத் தொட விடுவாங்களா? அது போகட்டும். அந்தக் குழந்தை நாக்கை நீட்டிச்சே.

மார்ச் 8, ஞாயிறு

விடிந்ததும் அத்தையை எழுப்பிச் சொன்னேன்.

"அஞ்சு நாளா வாய்ல என்னடி வெச்சிருந்தே?" அதற்கு மேல் திட்டவில்லை. நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மூன்று முறையும் எடுக்கவில்லை. "ஏறு வண்டில" என்றாள்.

நாங்கள் போனபோது கார் அக்கா வீட்டு வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. குட்டிப் பெண் பின்சீட்டில் இருந்தாள். அத்தை ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள் நான் ஓடினேன்.

"அக்கா, வீல்ல விரிசல்."

அக்கா கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா? கேக்கலையே?"

ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"வீல்ல விரிசல் இருக்குக்கா! நான்தான் புட்டி வெச்சு மூடினேன்! போகாதீங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்ததா?

அக்கா என்னையே பார்த்தார். பிறகு என்ஜினை நிறுத்தி, மகளைக் கீழே இறக்கினார்.

டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருந்தது. நான் மண்டியிட்டு, முதல் நட்டைத் தளர்த்தினேன்.