நான் திருப்பிக் கொடுத்த பன்றி

லே துறைமுகம்
புதன்கிழமை, விடாத மழை

என் தங்க மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் இன்று வரைக்கும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேலை பார்க்கிற அந்த முதியோர் இல்லத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். போனில் சொல்லவேண்டியதை எதற்கு இந்த அம்மா பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு, அவருடைய போலீஸ் ஸ்டேஷன் ஆட்களே யார் எங்கே கேட்டுக்கொண்டிருப்பார்களோ தெரியாதாம். போதகரின் மகள் வெள்ளிக்கிழமை நீ இருக்கிற கெய்ன்ஸுக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் இதையும் உனக்குப் பின்னிய தோள்பையையும் கொடுத்துவிடுகிறேன். பை கொஞ்சம் கோணல்தான், இந்த மாதம் என் கை ஒரு நிலையில் இல்லை, திட்டாமல் மாட்டிக்கொள்.

பாலத்தடிக் கூட்டமும் மேட்டுக் கூட்டமும் பாக்கு லாரியை யார் மறித்துப் பணம் பிடுங்குவது என்று வெட்டிக்கொள்வது நீ இருக்கும்போதே நடந்ததுதான், இந்த ஈஸ்டருக்குப் பிறகு துப்பாக்கி வந்துவிட்டது. சந்தையில் என் பக்கத்துப் பாயில் வேர்க்கடலை விற்கிற அகேதாவின் மூத்தவன் ஜோனாவை மேட்டுக்காரர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவன் பாலத்தடிக்காரன்தான், யோக்கியன் என்று நான் சொல்லமாட்டேன், ஒருதரம் என் பையையே பிடுங்கிக்கொண்டு ஓடி, திரும்பிப் பார்த்துவிட்டு "ஐயையோ பெரியம்மா, உங்களுதா" என்று கொண்டுவந்து கொடுத்தவன். அப்படி ஒரு திருடன். உன் அப்பா மூன்றே நாளில் மேட்டுக் கூட்டத்தின் தலைவனைப் பிடித்தார், சுட்ட துப்பாக்கியையும் எடுத்தார். அதன் நம்பரைப் பார்த்தால், கண்ணு, அது அவருடைய சொந்த ஸ்டேஷன் அலமாரியில் இருக்கவேண்டிய துப்பாக்கி. இன்ஸ்பெக்டர் காவாதான் அதை மேட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், அப்பா அதை ஒரு எழுத்து விடாமல் வாக்குமூலத்தில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு எல்லாப் பக்கமும் இடிதான். தலைவனை விடு என்று மேட்டுக்காரர்கள் கூரையில் கல் எறிந்தார்கள், அவனை எங்கள் கையில் கொடு என்று பாலத்தடிக்காரர்கள் வாசலில் கத்தினார்கள், கூட வேலை செய்கிற மகராசன்கள் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "இருபத்தாறு வருஷமா போட்டிருக்கேன், இப்பதான் இந்தச் சட்டை அரிக்குது" என்று ஒருநாள் சொன்னார்.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டு அம்மாவை வெறுக்காதே. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காவாவின் மனைவி ஒரு பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தாள், கூட ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு. "அக்கா, நாம ஒரே பாஷைக்காரங்க, நமக்குள்ள எதுக்கு மனஸ்தாபம், எல்லாருக்கும் வயிறு குளிரட்டும்" என்றாள். ஒரே பாஷைக்காரர்கள் கொடுக்கிற பன்றியை வாங்கித் தின்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா, பேச்சு முடிந்தது, இனி வாயைத் திறக்கக் கூடாது. தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தெரிந்துதான் வாங்கினேன். உன் அப்பா உயிரோடு இருந்தால் போதும் என்று வாங்கினேன். குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, வாழையிலை போட்டு மூடி வேகவைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் விட்டேன். அவர் டியூட்டி முடிந்து வந்து புகையைப் பார்த்துவிட்டு "யாரு குடுத்தது?" என்று கேட்டார், சொன்னேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இந்த மனுஷன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றார். "நீ தின்னா நான் தின்ன மாதிரிதான். திங்கக்கிழமை போய் எழுதினத மாத்திடறேன்" என்றார். உன்னிடம் ஏன் மறைக்கவேண்டும், அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

மறுநாள் சந்தைக்குப் போனேன். நான் போவதற்கு முன்னாலேயே சேதி போய்விட்டது, இந்த ஊரில் என்றைக்கு அது தங்கியிருக்கிறது. அகேதா என்னைத் திட்டவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போகவும் இல்லை. எப்போதும்போல என் முன்னால் ஒரு கை கடலையை வைத்தாள். "கறி நல்லா வெந்துச்சா அக்கா?" என்று மட்டும் கேட்டாள், கிண்டலாகக்கூட இல்லை, அடுத்த வீட்டுக்காரி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அந்தக் கடலையை நான் தொடவில்லை தாயி. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை, உன்னைச் சுடத் துப்பாக்கி கொடுத்தவன் தந்த கறியை அகேதா தின்றால் நான் அவளிடம் இப்படிக் கேட்டிருப்பேனா, அவள் மண்டையை உடைத்திருப்பேன்.

கீரைக் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் மரியாதை செய்ய என்று வளர்த்தேனே அந்தக் கறுப்புப் பன்றி, அதை அவிழ்த்தேன். கொட்டுகிற மழையில் நானும் அதுவும் குண்டும் குழியுமான அந்த ரோட்டில் போலீஸ் குடியிருப்பு வரைக்கும் நடந்தோம், யார் யாரை இழுத்துப்போனார்கள் என்று பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும். எல்லாரும் அணிவகுப்புக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று. காவா வீட்டு வாசல் கம்பத்தில் அதைக் கட்டிவிட்டு, "தின்னதவிடப் பெருசா திருப்பிக் குடுத்துட்டேன், எல்லாரும் பாத்துக்கங்க, எங்க வயித்துல இப்ப உங்க கறி இல்ல" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காவாவின் மனைவி வெளியே வருவதற்குள் என் மகராசி பன்றி அவள் பூச்செடியில் பாதியைத் தின்றுவிட்டது. அப்பா வரிசையில் விறைப்பாக நின்றார், முகம் மட்டும் கோணிக்கொண்டு போனது, அழுகையா சிரிப்பா என்று இப்போதும் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். உனக்கு எவனாவது மாப்பிள்ளை அமைந்தால் இன்னொரு பன்றி வளர்கிற வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்.

அப்பா வாக்குமூலத்தை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையே போலீஸில் கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இப்போது மிஷன் கொட்டகையில் இருக்கிறோம், கூரை ஒழுகுகிறது, மற்றபடி குறையில்லை. நேற்று கோர்ட்டில் காவாவின் பெயரைச் சொன்னார், குரல் நடுங்கவே இல்லை. எதிர்ப்பக்க வக்கீல் எழுந்து, "உங்க வீட்டுல அவர் குடுத்த பன்றிய வாங்கித் தின்னீங்களா இல்லையா" என்று கேட்டான். நான் பெஞ்சிலிருந்து எழுந்து, "தின்னது நான், திருப்பிக் குடுத்ததும் நான், அவர ஏன்யா கேக்கறே" என்றேன். நீதிபதி அம்மாள் உட்காரச் சொன்னார், மறுபடி வாயைத் திறந்தால் வெளியே அனுப்புவேன் என்றார், ஆனாலும் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அகேதா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள், கோர்ட் கலைகிறவரைக்கும் விடவில்லை.

அப்பாவை வேலையிலிருந்து விலகச் சொல்லு, இரண்டுபேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் பயம் எனக்குப் புரியாதா, அதே பயத்தில்தான் நானும் குழி வெட்டினேன். நாளைக்கும் மறுநாளும் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். பாலத்தைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போகவேண்டும், நடந்துதான் போகிறோம், அவர் வேண்டாம் என்றாலும் நான் கூடவே போகிறேன்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் கூடவே இருக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். நேரத்துக்குத் தூங்கு, ராத்திரி ஷிப்டுக்குத் தனியாக நடந்து போகாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எங்களுக்கு ஏதாவது ஆகி, அந்த மனுஷன் பிடிவாதத்தால் பெண்டாட்டியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. அவர் எனக்காக விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார், வேண்டாம் என்றது நான்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
தோர்கஸ்