பாலத்தின் நடுவில் அத்தையின் கைப்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். பயப்படாதீர்கள், எல்லாரும் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை டோலோரஸ் அத்தைதான் என்னை நியூ ஜெர்சியிலுள்ள பள்ளி விடுதிக்குக் காரில் அழைத்துக்கொண்டு கிளம்பினார். டெலவேர் ஆற்றுப் பாலம் முழுக்கப் பனிமூட்டம். மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது. மிட்டாய் தேடி அத்தையின் கைப்பையைத் திறந்தேன். உள்ளே அவருடைய துப்பாக்கி.

"ஐயோ, வீட்டுல வச்சுட்டு வர மறந்துட்டேன்டி! நம்ம பென்சில்வேனியா உரிமம் நியூ ஜெர்சியில செல்லாது. பிடிச்சா ஜெயில்தான்."

"திரும்பிடலாம் அத்தை."

"பாலத்து நடுவுலயா? அவங்கவங்க மாநிலத்துக்கு அவங்கவங்க சட்டம்னு வகுப்பு விவாதத்துல பேசப்போறது நீதானே? இப்பப் பேசேன்!"

நான் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கீழே ஆறு எந்தக் கரையையும் சேராததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் முதல் வளைவிலேயே திரும்பிவிட்டோம்; யாரும் நிறுத்தவில்லை. பிறகு நான் பேருந்தில் வந்தேன்.

வெள்ளிக்கிழமை விவாதத்தில் அதே கட்சியைத்தான் பேசுவேன். இப்போதும் அதுதான் சரியென்று நினைக்கிறேன். ஆனால் கடையில் திருடன் தன்னை அடித்த நாளிலிருந்து அத்தை துப்பாக்கி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. இனி ஆற்றைத் தாண்டமாட்டாராம். என்னைப் பார்க்க வாராவாரம் வந்தவர் அவர் ஒருவர்தான்.

கம்பளிக் காலுறை வேண்டும். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். அத்தையையும் துப்பாக்கி இல்லாமல் வெறுங்கையோடு அழைத்துவாருங்கள். பாலத்தில் பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இந்தக் கரையில் நான் நிற்பேன்.

உங்கள் வினிஃப்ரெட்.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.