வாசல் கதவின் நான்கு இலக்கம்

வாலுப் பெண்ணுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். அம்மா உன்னோடு போனில் சிரிக்கிற சத்தத்தை வைத்து நீயும் நலம் என்று அடுத்த அறையிலிருந்து தெரிந்துகொள்கிறேன். அடுத்த மாதம் வருகிறாயாம், மத்தியானம் வந்து சேரும்போது நாங்கள் இருவரும் வேலையில் இருப்போம் என்பதால் வாசல் கதவுப் பொத்தான் பூட்டைத் திறக்கிற எண்ணைக் கேட்டாயாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு, "மாத்தினது நீங்க, நீங்களே சொல்லிக்குங்க, நான் நடுவுல நிக்க மாட்டேன்" என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆமாம், மாற்றினேன். வெளிநாட்டில் வேலை கிடைத்ததை முதலில் உன் மாமாவிடம் சொல்லி, அவர் வண்டியிலேயே விமான நிலையத்துக்கும் போய், பெற்ற அப்பனுக்குக் கடைசியாகத் தெரிவித்தாயே, அன்று சாயங்காலமே மாற்றினேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் நீ வைத்த 6174-ஐ எடுத்துவிட்டு, உனக்கும் அதற்கும் ஒட்டும் உறவும் இல்லாத ஓர் எண் வேண்டும் என்று, அச்சகத்தில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பிஸ்கட் லேபிளின் பார்கோடிலிருந்து கடைசி நான்கு இலக்கத்தை வைத்தேன். 9042.

போன வாரம் லேபிள் சரிபார்க்கிற மேசையில் வேலை இல்லை. எனக்கு வரவேண்டிய மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானே ஒரு பையன், அவன் மெஷினை நிறுத்தி வைத்திருந்தான், அதைச் சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. கை சும்மா இருக்காமல், பள்ளிக்கூட வயதில் நீ காட்டிய மாதிரி 9042-ஐக் கலைத்துப் பார்த்தேன். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதுவரை அடுக்கினால் 9420, தலைகீழாக அடுக்கினால் 0249, கழித்தால் 9171. அதையும் அப்படியே அடுக்கிக் கழித்தால் 8532. இன்னொரு தடவை கழித்தால் 6174. அதற்கு மேல் எத்தனை தடவை கழித்தாலும் அதே 6174. "எந்த நம்பர்ல கிளம்பினாலும் இங்கதான்ப்பா வந்து நிக்கும்" என்று நீ சொன்னது மறக்கவில்லை, ஆனால் உன்னைத் தள்ளி வைக்க என்றே நான் தேடிப் பிடித்த எண்ணுமா? எரிச்சலாக இருந்தது. பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று பஸ் டிக்கெட், மின்சார மீட்டர், அந்தப் பையனின் பைக் எண் என்று கண்ணில் பட்ட நான்கு இலக்கத்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வந்து சேர்ந்தது. அவனுடையது மட்டும் ஏழு சுற்று இழுத்தடித்தது, ஆளைப் போலவே. நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால்தான் வேறு மாதிரி, முதல் கழித்தலிலேயே பூஜ்யம். உன் மாமா சிபாரிசு பிடித்து வாங்கினாரே 7777 என்று ஒரு வண்டி எண்? அது பூஜ்யமாகிப் போனதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் ஒரு பிடி கூடவே சாப்பிட்டதாக உன் அம்மா சொல்கிறாள்.

மூன்று இலக்க எண்கள் 495-இல் வந்து நிற்கின்றன. ஐந்து இலக்கம் எங்கேயும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது, நம் குடும்பம் மாதிரி. ஏன் இப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை, உனக்குத் தெரிந்தால் வந்து சொல். இன்னொரு வேடிக்கை. பூட்டில் 6, 1, 7, 4 இந்தப் பொத்தான்கள் உன் காலத்திலேயே தேய்ந்துபோனவை, பார்க்கிறவன் இருபத்துநான்கு விதமாக அமுக்கினால் திறந்துவிடலாம். மூன்று பொத்தான் மட்டும் தேய்ந்திருந்தால் இன்னும் சுலபம் என்றுதானே நினைப்பாய்? போட்டுப் பார், ஏதோ ஒன்றை இரண்டு தடவை அமுக்க வேண்டியிருப்பதால் முப்பத்தாறு வருகிறது. இவ்வளவும் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நேற்று பழைய எண்ணையே திரும்ப வைத்தேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, நேரில் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மாமா வண்டியில் வராதே, டாக்ஸி பிடி. நான்கு எண்ணும் அமுக்கிய பிறகு பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடி, அது இப்போது சண்டித்தனம் செய்கிறது. பயணத்தில் தண்ணீர் குடி. ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேர்.

எண்ணை இப்படிப் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டேன், தபால் யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் உறையில் அனுப்புநர் முகவரி எழுதவில்லை, கீழே கையெழுத்தும் போடாமல்தான் பெட்டியில் போடப்போகிறேன். வேறு யார் படித்தாலும் எந்தக் கதவு என்று தெரியாது. உனக்குத் தெரியும்.