ஈரத்துண்டுக் கிரீடம்

அக்கா, இன்றைக்குப் பூக்கட்டைப் பிரித்ததும் தாழம்பூ வாசம் மூக்கில் ஏறியது. நான் கேட்கவில்லை, மார்க்கெட்டில் தவறிப்போய்ச் சேர்த்துவிட்டார்கள். இந்த இடுகாட்டு வாசலில் தாழம்பூ கேட்டு வாங்கினது நீங்கள் ஒருத்திதான். தொடவே கூசுகிறது.

வெள்ளிக்கிழமை உப்பள வேலை முடிந்து, காலெல்லாம் உப்பு பூத்து வருவீர்கள். உள்ளே ராஜா வேஷம் கட்டிப் பேரெடுத்த அந்த நாடகக்காரர் சமாதி. முத்தையாபுரம் பஸ்ஸில் இறங்கி அது எங்கே என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். மேடையில் அவருக்கு ராணியாக நின்றது நீங்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே ரெண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னீர்கள். நாடகம் போட வந்த இடத்தில் அவர் காய்ச்சலில் விழுந்தது, கம்பெனி அடுத்த ஊருக்குப் போனது, நீங்கள் மட்டும் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டது.

"கடைசி நாள் தலையில ஈரத்துண்டு போட்டிருந்தேன் ஏளா. கண்ணைத் திறந்து, 'ராணி, கிரீடம் நேரா இருக்கா'ன்னு கேட்டாரு. துண்டைச் சரிபண்ணிட்டு, 'நேராத்தான் இருக்கு மகாராஜா'ன்னேன். அப்புறம் பேசல."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "என் பேரை யார்ட்டயும் சொல்லிராத. தாலி கட்டுன பொண்டாட்டி இருக்கா, பிள்ளைங்க இருக்கு. வருஷாவருஷம் இங்க வாராக."

பேரைச் சொல்லவில்லை அக்கா. அதைவிடக் கேடாக ஒன்று செய்தேன்.

மதுரையிலிருந்து வந்த ஒருத்தர், "நீ அவரைப் பார்த்திருக்கியாம்மா?" என்றார். சும்மா ஆமா என்றேன். நான் நாடகக் கொட்டகைப் பக்கமே போனதில்லை. அவர் கண் விரிந்ததும் நாக்கு நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன் என்றேன். அடுத்து வந்தவர்களிடம், துண்டு நனைத்துப் போட்டதும் நானே என்று ஆகிவிட்டது. வீட்டில் வாயைத் திறந்தால், "போதும், நிறுத்துளா" என்பார்கள். இங்கே படித்தவர்கள் நின்று கேட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு வேன் கூட்டம். "கிரீடம் நேரா இருக்கா" என்று அவர் குரல் மாதிரி சொல்லிக் காட்டினேன். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நீங்கள் நின்றீர்கள்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?" என்று அந்த அம்மா கேட்டாள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். உங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நேராத்தான் இருக்கு மகாராஜா."

நீங்கள் முன்னால் வந்தீர்கள். "பூ குடு தாயி. அந்த நாடகக்காரர் சமாதி எங்கன இருக்கு?"

நானும் கையை நீட்டி வழி காட்டினேன். வேன்காரர்களோடு வரிசையில் போய், அவர்களைப் போலவே கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினீர்கள்.

அப்புறம் வரவில்லை. உங்கள் வீடு எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளி வருவீர்கள், காலில் விழுந்துவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளியாகத் தள்ளினேன். கடைசியில் உப்பளத்துப் பெண் ஒருத்திதான் நீங்கள் போன சேதி சொன்னாள். எங்கே அடக்கம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

போன மாதம் அந்த வேன்காரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவதாண்டி அவருக்குத் துண்டு போட்டுவிட்டவ. சொல்லும்மா, இவளும் கேட்கட்டும்."

"அது நான் இல்லம்மா."

"அப்போ அன்னைக்குச் சொன்னது?"

"பொய்."

மகள் சிரித்துவிட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அழுதேனே நான்! பின்ன யாருதான் அது?"

உங்கள் பேர் தொண்டைவரை வந்தது. உங்களிடமிருந்து நான் எடுக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

"ஒரு அக்கா," என்றேன்.

இப்போது யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். பேர் தெரியாத அக்கா கதையை யாரும் முழுசாக நின்று கேட்பதில்லை. பாதியிலேயே உள்ளே போய்விடுகிறார்கள். மீதியை அவர்கள் முதுகைப் பார்த்துச் சொல்லி முடிக்கிறேன்.